கப்பலில் ஓடிய பள்ளி வேன்

யார் யார் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தலை எண்ணாமல் வண்டி எடுத்து எனக்குப் பழக்கமில்லை.

என் மனைவி ஸ்டெல்லா. பையன் ஆல்வின், அப்போது நாலாவது படித்தான். பெண் ஜாய்ஸ், நாலு வயது, எல்.கே.ஜி., வீட்டில் கூப்பிடுவது பாப்பா. ஸ்டெல்லாவின் தம்பி டேவிட், படூர் பக்கம் அப்பார்ட்மெண்டுகளில் ஏசி ரிப்பேர் செய்கிறவன்.

நாலு பேர்.

கூடுவாஞ்சேரியிலிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பலில் இலங்கை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மறந்துதான் இருந்தேன். போன வாரம் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஆளை இறக்கிவிட்டு, டிரைவர்களுக்கு என்று கீழே இருக்கும் பாத்ரூமுக்குப் போனேன். இப்போது கம்பெனி கேப்தான் ஓட்டுகிறேன். தாழ்ப்பாள் போட்டேன். பினாயில் நாற்றம். வெளியே ஜெனரேட்டர் ஓடியது, டீசல் புகையும் வந்தது. இரண்டும் சேர்ந்ததும் தரை ஆடுகிற மாதிரி இருந்தது. தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். கதவைக் காலால் பிடித்துக்கொண்டு வேலையை முடித்தேன்.

கை கழுவிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவன், "இன்னா அண்ணாத்த, உள்ள பாம்பு கீதா?" என்றான்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்வதென்றால் கப்பலிலிருந்து சொல்ல வேண்டும். அவனுக்கு அடுத்த டிரிப் இருந்தது. உங்களுக்கு நேரம் இருந்தால் கேளுங்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். பாப்பாவின் பழைய நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுதுகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அவள் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்கூல் வேன் இருந்தது. மஞ்சள் வண்டி. பதினாலு பிள்ளைகள். அதில் இரண்டு என்னுடையது. ஏறும்போது ஒருமுறை எண்ணுவேன், இறங்கும்போது ஒருமுறை. வேன் வாங்கின புதிதில் எண்ணுகிற பழக்கம் இல்லை. ஒருநாள் யு.கே.ஜி. பையன் ஒருவன் பின் சீட்டில் தூங்கிவிட்டான். வண்டியைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் மனசு ஒரு மாதிரி ஆனது. ஓடி வந்தேன். பையன் எழுந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அதிலிருந்து எண்ணுவது.

வேனில் பிள்ளைகள் பேசுவது எல்லாம் டிரைவர் காதில் விழும். அதுகளுக்கு அது தெரியாது. லீவு முடிந்து வருகிற முதல் நாள் ஊர்க்கதைதான். ஒருத்தி மலேசியா போனாளாம். ஒருவன் துபாயில் ஒட்டகம் ஏறினானாம். நம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆல்வின், நீங்க எங்கடா போனீங்க?"

"மகாபலிபுரம்."

"அது நம்ம ஊருடா!"

பதிமூன்று பேரும் சிரித்தார்கள். பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். நான் கியர் மாற்றினேன். கண்ணாடியில் பையன் முகம் தெரிந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.

அந்த வாரமே டேவிட்டிடம் கேட்டேன். ஃபாரின் என்றால் எது கிட்டே?

"இலங்கை மாமா. நாகப்பட்டினத்துல கப்பல் வுடறான். நாலு மணி நேரம். நம்ம திண்டிவனம் டிராபிக்கைவிட கம்மி."

பாஸ்போர்ட் எடுத்தோம். பாப்பாவின் போட்டோவுக்கு மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டாள், சிரிக்கக் கூடாதாம். காலாண்டு லீவில் கிளம்பினோம்.

மகாபலிபுரத்தில் மீன் வாங்கும் இடத்தில் ஒருவர் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தார், வெறும் வயிற்றோடு கடல் ஏறக் கூடாது என்று. அவர் சொன்னது இரண்டு இட்லியாக இருக்கும். நாங்கள் நாகப்பட்டினத்தில் காலையில் பொங்கலும் வடையும் வயிறு முட்டத் தின்றோம்.

துறைமுகத்தில் பையை எல்லாம் மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். டேவிட்டின் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கரண்டு இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்த ஸ்குரூ டிரைவர். அவன் கல்யாண போட்டோவிலும் அது பையில் குத்தியிருக்கும்.

"சார், அது பேனா மாதிரி சார்."

"எழுதிக் காட்டுங்க," என்றார் மெஷின் பக்கத்தில் நின்ற ஆள்.

டேவிட் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கப்பல் ஏறினான்.

கப்பல் என்றால் நான் மேல்தட்டில் நின்று காற்று வாங்குவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு பெரிய ஏசி ஹால். பஸ் மாதிரி வரிசை வரிசையாக சீட்டு. ஜன்னல் உண்டு, திறக்காது. உட்காரச் சொன்னார்கள். வெளிக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய சத்தம் குளிர்பெட்டியைச் சாத்துவது போல இருந்தது. ஆற்று முகம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தாண்டினதும் முன்பக்கம் தூக்கியது. அப்புறம் இறங்கியது. வயிறு மட்டும் மேலேயே நின்றது.

என் வலது கால் தானாக எதிர் சீட்டின் அடியை மிதித்தது. பிரேக்கு.

"கால எடு மாமா. கப்பலுக்கும் நீதான் டிரைவரா?" என்றான் டேவிட்.

எடுத்தேன். அடுத்த அலைக்கு மறுபடி மிதித்தேன். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

வேனில் ஒரு பிள்ளை "அங்கிள், வாமிட்டு" என்றால் ஓரம் கட்டிவிடுவேன். பின்னால் லாரிக்காரன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி. இறக்கி, தலையைப் பிடித்து, வாய் கொப்பளிக்க வைத்துத்தான் எடுப்பேன். வண்டியில் எப்போதும் பத்துக் கறுப்பு கவர் வைத்திருப்பேன். அதைக் கப்பலுக்கும் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகளுக்காக. முதல் மூன்று கவரை நானே நிரப்பினேன். நாலாவது ஆல்வின். ஐந்தாவது ஸ்டெல்லா. டேவிட் வாயைத் திறந்து தூங்கிவிட்டான். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா, ஓரமா நிறுத்துப்பா. அம்மாவுக்கு முடியல."

ஓரம் எங்கே இருக்கிறது? நாலு பக்கமும் தண்ணீர். இறங்க முடியாது, நிறுத்த முடியாது, ஓட்டுகிறவன் முகம்கூடத் தெரியாது. இருபது வருஷம் அடுத்தவர்களை உட்கார வைத்து ஓட்டியவன் நான். உட்கார்ந்திருப்பது இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ப்பா, உச்சா வருது," என்றாள்.

"இரு," என்றேன். கவரில் தலை இருந்தது.

தலையைத் தூக்கினபோது, பழக்கத்தில் எண்ணினேன். ஸ்டெல்லா. ஆல்வின். டேவிட். மூன்று.

இன்னொரு தடவை எண்ணினேன். மூன்று.

எழுந்தேன். கப்பல் என்னை எதிர் வரிசையில் தள்ளியது. சீட்டுச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து பார்த்தேன். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிப் பேர் முகம் கவருக்குள். வெளிக் கதவுப் பக்கம் போனேன். கப்பலில் வேலை செய்கிற ஒருவர் கதவை ஒட்டி நின்றார். நாகூர்க்காரர்.

"பாப்பா ஒண்ணு இப்படி வந்துச்சா?"

"யாரும் வெளிய போவலண்ணே. கதவு பூட்டித்தான் கெடக்கு. நீங்க ஒக்காருங்க, வுழுந்துடுவீங்க."

பூட்டின கதவை அன்றைக்கு ஒரு நிமிஷம் கும்பிட்டேன். அந்த நிமிஷத்திலேயே பாத்ரூம் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்.

பாப்பா வீட்டில் அப்போதுதான் தாழ்ப்பாள் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். பெரிய பெருமை. எங்கே போனாலும் போட்டுப் பார்ப்பாள். இங்கேயும் போட்டிருக்கிறாள். இரும்புத் தாழ்ப்பாள், கப்பல் சாய்ந்த நேரத்தில் கடைசிவரை தள்ளியிருக்கிறாள். மாட்டிக்கொண்டது. வெளியிலிருந்து திறக்க ஒரு காடி இருந்தது. நாகூர்க்காரர் காசை விட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. டேவிட் தூக்கம் கலைந்து ஓடி வந்தான். கை சட்டைப் பைக்குப் போனது. பை காலி. இன்னொரு தடவையும் போனது.

"கீழ இஞ்சின் ரூம்ல சாமான் இருக்கு. எடுத்துட்டு வர்றேன். ஒன்னும் ஆவாது," என்று நாகூர்க்காரர் போனார்.

உள்ளே பாப்பா கத்த ஆரம்பித்தாள். கத்துவதுகூடப் பரவாயில்லை. பீங்கான் மேல் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு அலைக்கும் கப்பல் தூக்கிப் போட்டது. மேலே ஏறி நின்றால் மண்டை எங்கே இடிக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"பாப்பா."

"ப்பா, தொறப்பா!"

"தொறக்கறேன். நீ கீழ எறங்கு. ஒக்காரு."

"தண்ணியா கீது!"

"பரவால்ல. ஒக்காரு. செவுத்துல கம்பி கீது பாரு, அத ரெண்டு கையாலயும் புடி."

உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன். அதோடு என் பேச்சு தீர்ந்துவிட்டது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கல்யாணமான புதிதில் ஸ்டெல்லா என்னைப் பற்றி அவள் அம்மாவிடம், "நல்லவருதான், ஆனா ரேடியோ ரிப்பேரு," என்று சொன்னாளாம். நான் நிறுத்தினதும் பாப்பா மறுபடி அழ ஆரம்பித்தாள். மறுபடி ஏறுகிற சத்தம்.

ஸ்டெல்லா சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பேசுய்யா! உன் கொரலு நிக்கும்போதெல்லாம் ஏறுது பாரு. வாயத் தொறந்து பேசு!"

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"பாப்பா, வேன் எடுக்கலாமா?"

சத்தம் நின்றது.

"ஹாரன் அடி," என்றாள் உள்ளேயிருந்து.

நான் வாயால் ஹாரன் அடித்தேன். பாம் பாம். நூறு பேர் பார்த்தார்கள்.

"நம்ம வூட்டாண்ட ஏறியாச்சா?" என்று கேட்டேன்.

"ஏறியாச்சு."

"அடுத்த ஸ்டாப்பு?"

"தண்ணி டேங்க்கு."

"யாரு ஏர்றா?"

"ரித்திக்கு. ரித்திக்கு தங்கச்சி. பொரி டப்பா அக்கா." தினமும் டப்பாவில் பொரி கொண்டுவருகிற பெண்.

"சீட்டுல ஒக்காந்தாங்களா?"

"பொரி டப்பா அக்கா நின்னுகினு வருது."

"ஒக்காரச் சொல்லு. இல்லாட்டி எடுக்க மாட்டேன்."

"அக்கா, ஒக்காரு!" என்று உள்ளே அதட்டினாள். "ஒக்காந்துச்சு."

எடுத்தேன். மாவு மில்லில் இரட்டைப் பையன்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. ஆளுக்கு ஒரு நாள் என்று தீர்த்து வைத்தேன். பச்சை கேட்டில் ஒரு பையன், எப்போதும் லேட்டு.

"வந்துட்டானா?"

"இல்ல. ஹாரன் அடி."

அடித்தேன்.

"வர்றானா?"

"ஷூ போட்டுகினு கீறான்."

"சரி. நிக்கலாம்."

நின்றோம். கப்பல் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். இடுக்கு வழியாக பினாயிலும் டீசலும் நாறியது. உள்ளே அழுகை இல்லை. பக்கத்தில் ஆல்வின், கையில் கவரோடு, "அவன் டெய்லி இப்படித்தான்," என்றான். அவனும் வண்டியில் ஏறிவிட்டான் போல.

அப்பார்ட்மெண்டில் நாலு பேர். ரயில்வே கேட்டில் இரண்டு பேர். பள்ளி வந்துவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. நாகூர்க்காரரைக் காணோம்.

"மொத்தம் எவ்ளோ பேரு பாப்பா? எண்ணு."

எண்ணினாள். விரல் விட்டு எண்ணியிருக்க மாட்டாள், கை இரண்டும் கம்பியில்.

"பதினஞ்சு."

"பதினாலு."

"பதினஞ்சு!"

"ரெண்டு தடவ எண்ணிட்டியா யாரனா? மொதல்லருந்து எண்ணு."

மறுபடி எண்ணினாள். ஸ்டாப் ஸ்டாப்பாக, பெயர் சொல்லாமல், முனகிக்கொண்டே.

"பதினஞ்சு. உனக்குத்தான் எண்ணத் தெரியல. நீ தப்பு!"

கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் பயம் போய்விடும், அது என் வேன் அனுபவம். நான் பதினாலிலேயே நின்றேன். அவள் பதினைந்தில் நின்றாள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சண்டை. முன் சீட்டு அம்மா கவரிலிருந்து தலையைத் தூக்கி, "கொழந்த சொன்னா சரின்னு வுட்டுக் குடுங்களேன்," என்றார். தலை எண்ணிக்கையில் விட்டுக்கொடுத்தால் எப்படி?

நாகூர்க்காரர் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். டேவிட் பிடுங்காத குறையாக வாங்கினான். கீலில் நாலு ஸ்குரூ. கடைசி ஸ்குரூ கழன்றதும் கதவு மூடி மாதிரி கையோடு வந்தது.

பாப்பா ஈரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து, "ஸ்கூல் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"பதினஞ்சு," என்றாள்.

தூக்கிக்கொண்டேன். கம்பியிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

கப்பல் இறங்கிப் போன யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோட்டை பார்த்தோம். ஐஸ்கிரீம் தின்றோம். பிள்ளைகள் ஓடின. எனக்கு எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கடல் வந்தது. வீட்டுக்குப் போக அதே ஹால், அதே கதவு. லாட்ஜ் அம்மா நல்லவர். "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுப்பார். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவர்தான் வந்து சொன்னார்.

"காத்து கடுமையாம். நாளைக்கும் கப்பல் விடமாட்டினமாம்."

பள்ளி திறக்கிற நாள் வந்தது. நாங்கள் லாட்ஜ் ரூமில். ஐந்து கட்டில், ஒரு ஜன்னல், மழை. காலை ஏழு மணிக்கு போன் வந்தது. தண்ணி டேங்க்கிலிருந்து.

"அண்ணா, வேன் வருமா? பசங்க நிக்குறாங்க."

எனக்குத் தெரிந்த வேன்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். என் வண்டியை எடுத்து ஒரு நாள் ஓட்டச் சொன்னேன். "ஓட்டறேன் அண்ணாத்த, சாவி எங்க?" என்றார்.

சாவி என் பேன்ட் பையில் இருந்தது. வண்டிச் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டேன், அது என் பழக்கம். இரண்டாவது சாவியும் அதே வளையத்தில். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் சேர்த்து மாட்டினேன்.

டேவிட் அதைப் பார்த்துவிட்டு, "சாவிய கப்பல்ல அனுப்பு மாமா. ஆங், கப்பல் ஏது?" என்றான்.

ஸ்டெல்லா அவனை அடித்தாள். நான் ஜன்னலில் நின்றேன். மாவு மில், பச்சை கேட், அப்பார்ட்மெண்ட், ஒவ்வொரு இடத்திலிருந்தும் போன் வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். யார் பையைத் தரையில் வைப்பார்கள், யார் தோளிலேயே வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். கையில் இரண்டு சாவி. நடுவில் கடல். மறுநாளும் அப்படித்தான்.

திரும்பி வந்தபோது கடல் அமைதி. பாப்பா பாத்ரூமுக்குப் போனபோது நான் கதவில் கால் வைத்து நின்றேன்.

அந்த இரண்டு நாள் பிள்ளைகளை வீட்டில் பள்ளி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சிலருக்கு அது வசதியாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா," என்றார்கள். தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? முதல் நாள் எண்ணினேன், பதினொன்று. வேனுக்குள் கேட்டார்கள், "எங்கடா போனீங்க?" ஆல்வின், "ஃபாரின்," என்றான். எப்படி இருந்தது என்றார்கள். "எங்கப்பா கப்பல்ல வாயால ஹாரன் அடிச்சாரு," என்றான். மலேசியாக்காரிகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு மாசம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வாயால்தான் ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன்.

பொங்கலுக்கு அப்புறம் எட்டு. அடுத்த ஜூனில் ஐந்து, அதில் இரண்டு என்னுடையது. வேனைக் கொடுத்துவிட்டேன். மஞ்சளை மாற்றி வெள்ளை அடித்துவிட்டார்கள். ஒருநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்கு முன்னால் போனது, பின் கண்ணாடியில் மூக்கு எதுவும் இல்லை.

மாவு மில் இப்போது செல்போன் கடை. பச்சை கேட்டை இடித்து நாலு மாடி கட்டுகிறார்கள். இரட்டையர்கள் ஓசூர் போய்விட்டார்கள். பொரி டப்பா அக்கா சைக்கிளில் போகிறது, என்னைப் பார்த்தால் கையைத் தூக்குகிறது. டேவிட் புது டெஸ்டர் வாங்கிவிட்டான், ஆனால் கப்பல் பேச்சு எடுத்தால் பையைத் தடவுகிறான். என் கேபில் ஒருவர் ஏறுவார், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இறங்குவார். எண்ண ஒன்றும் இல்லை. பாப்பா பள்ளி பஸ்ஸில் போகிறாள்.

இதுவரை எழுதிவிட்டு எதிரில் இருந்தவளைக் கேட்டேன்.

"பாப்பா, அன்னிக்கு கப்பல்ல பதினஞ்சுன்னு சண்ட போட்டியே. யாரு அந்த ஒண்ணு?"

அவள் தலையைத் தூக்கவில்லை. ரப்பரால் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

"நீதாம்பா. நீ வேன்ல இல்லியா?"

ரப்பர் தூளை ஊதிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். நான் நோட்டைத் திருப்பி, எழுத ஆரம்பித்த பக்கத்தைப் பார்த்தேன்.

மேலே நாலு பேர் என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். கப்பலில் போனவர்கள் ஸ்டெல்லா, ஆல்வின், பாப்பா, டேவிட், நான்.

ஐந்து.